இரவுக்கு ஒரு முழம்

1954ஆம் வருடம் அக்டோபர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, பொழுது சாயும் நேரத்தில் தோல் வியாபாரி சனாவுல்லாவின் துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட குண்டு, வாத்தியார் ராயப்பராஜின் நெஞ்சுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அது புறப்பட்டபோது ராயப்பராஜின் கரட்டுப்பட்டிக் கடலைக் காட்டில், காட்டுப்பன்றிக்காகக் காத்திருந்தவர்கள் நான்கு பேர். சனாவுல்லா கிழக்கு ஓரத்தில், தூர்ந்துபோன கிணற்றின் கல்தொட்டிமேல் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். ஊர்த் தலையாரி கண்ணுசாமி அவருக்கு இடது கைப்பக்கம் வரப்பில் குத்துக்காலிட்டிருந்தார். வாயில் இருந்த பீடியைப் பற்றவைக்கவில்லை, பன்றிக்கு வாசம் எட்டிவிடும் என்பதால். ராயப்பராஜின் மனைவி இஞ்ஞாசியம்மாள் வடக்கே, அவிழ்த்துப் போட்டிருந்த மாட்டுவண்டியின் நுகத்தடியில், காபித் தூக்கை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராயப்பராஜுக்கு ஒதுக்கிய இடம் சனாவுல்லாவுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடி. அந்த இடத்தில் அவர் இல்லை. கடலை முற்றிவிட்டதா என்று பார்க்க மேற்கே அறுபது எட்டு நடந்துபோய், மண்டியிட்டு, ஒரு செடியைப் பிடுங்கி, பச்சைக் கடலையை மண்ணும் தோலுமாக மென்றுகொண்டிருந்தார். கறக் கறக் என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டு, சனாவுல்லா துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்துச் சுட்டார்.

கரும்புகை செடிகளின் மேல் படுத்துக்கொண்டது. அது விலகியபோது, கையில் கடலைக் கொடியும் மீசையில் மண்ணுமாக ராயப்பராஜ் எழுந்து நிற்பது தெரிந்தது.

"யாரைச் சுடுறீக பாய்?"

"யா அல்லா! வாத்தியாரே, மேல பட்டுச்சா?"

"படலை. கடலைதான் தொண்டையில நிக்குது."

"மனுசன் திங்கிற மாதிரியா தின்னீக?" என்றாள் இஞ்ஞாசியம்மாள் நுகத்தடியிலிருந்து. "நானே பன்னின்னு நெனச்சு மூச்சை அடக்கிட்டு உக்காந்திருந்தேன்."

சனாவுல்லா தொட்டிமேல் உட்கார்ந்து வெகு நேரம் அழுதார். பிறகு நால்வரும் காபியைக் குடித்துவிட்டு வீடு திரும்பினார்கள். குண்டு எங்கே போய் விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை அந்தப் பக்கம் போன கண்ணுசாமி, கல்தொட்டிக்கு எட்டடி மேற்கே, நெஞ்சு உயரத்தில், அந்தரத்தில் ஒரு பொன்வண்டு நிற்கிறதே என்று சுண்டிவிட்டார். விரல் நகம் பெயர்ந்துபோனது. அது ஈயக் குண்டு. அதன் மூக்கு ராயப்பராஜின் வீட்டைப் பார்த்து இருந்தது. ராயப்பராஜ் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து காட்டுக்கு ஓடிவந்தபோது, அவர் வரும் வழியெல்லாம் மூக்கும் கூடவே திரும்பியது.

அந்தத் துப்பாக்கி போலீஸ்காரர் தோளில் தொங்குவதைப் போன்றது அல்ல. அதன் விசையைச் சுற்றி நீளவாக்கில் ஓர் இரும்பு வளையம் உண்டு. அதற்கு லீவர் என்று பெயர். மூன்று விரலை அதில் நுழைத்துக் கீழே தள்ளினால் வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு மேலே துள்ளி விழும். திரும்ப மேலே இழுத்தால் குழலுக்கு அடியில் வரிசையாகப் படுத்திருக்கும் தோட்டாக்களில் அடுத்தது ஏறி உட்காரும். தள்ளும்போது பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கு பிளக்கும் சத்தம். இழுக்கும்போது நல்ல திண்டுக்கல் பூட்டு விழும் சத்தம். அந்த இரண்டு சத்தத்தையும் ஒரு தடவை தன் கையால் எழுப்பிய எவனும் ஒரு தடவையோடு விட்டதில்லை. எட்டுப் பட்டையாகச் செதுக்கிய நீளக் குழல். ஈரக் காப்பிக்கொட்டை நிறத்தில் வாதுமை மரக் கட்டை. குழலின் தலைமாட்டில் 'நியூ ஹேவன், கனெக்டிகட்' என்று பொடி எழுத்தில் வெட்டியிருந்தது. அமெரிக்காவில் 1860களில் இந்த மாதிரித் துப்பாக்கிகள் வந்தன. அதற்குமுன் ஒரு வெடி வெடித்தால் மறுபடி மருந்து கெட்டித்துக்கொண்டு நிற்க வேண்டும். இது வந்தபிறகு கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலே பத்துப் பன்னிரண்டு தடவை சுடலாம். மாடு மேய்ப்பவர்கள் இதைக் குதிரைச் சேணத்தில் செருகிக்கொண்டு திரிந்தார்கள். இடுப்புப் பிஸ்டலுக்கும் இதற்கும் ஒரே தோட்டா போதும் என்பது அவர்களுக்குப் பெரிய சௌகரியம். பட்டாளங்கள் மட்டும் இதை அதிகம் எடுத்துக்கொள்ளவில்லை. தரையில் படுத்துச் சுடும்போது லீவர் மண்ணில் இடிக்கும். சனாவுல்லா அதையும் பெருமையாகவே சொல்வார்: "படுத்துக்கிட்டுச் சுடுறவனுக்கு இது ஆகாது. உக்காந்து சுடுற மரியாதைக்காரனுக்குச் செஞ்சது."

இவரிடம் இருந்த துப்பாக்கி 1894இல் நெப்ராஸ்கா மாகாணத்தில் ஒரு மாட்டுக்காரர் வாங்கியது. அவருடைய மகன் பாதிரியாராகி, 1921இல் கப்பலேறும்போது அப்பாவின் ஞாபகமாக இதையும் கொண்டுவந்தார். வத்தலக்குண்டில் மிஷன் பங்களா அலமாரியில் இருபத்தெட்டு வருடம் அது நின்றது. பாதிரியார் மாதம் ஒருமுறை எண்ணெய் போட்டதைத் தவிர அதைத் தொட்டதில்லை. 1949இல் ஊருக்குத் திரும்பும்போது, தன் பெட்டிகளுக்கெல்லாம் தோல் வார் தைத்துக் கொடுத்த பேகம்பூர் சனாவுல்லாவைக் கூப்பிட்டு, உரிமக் காகிதத்தோடும் ஒரு பிஸ்கட் டப்பாவில் தோட்டாக்களோடும் அதை ஒப்படைத்தார்.  சனாவுல்லா வீடு வந்து துப்பாக்கிக்கு எருமைத் தோலில் உறை தைத்து, உள்ளே ஆட்டுத் தோல் வைத்து, வாய்க்கு மூன்று பித்தளைப் பொத்தான் போட்டார். அந்த அளவுத் தோட்டா மதுரையிலும் கிடைக்கவில்லை, மெட்ராஸிலும் கிடைக்கவில்லை. டப்பாவில் இருந்தவை நாற்பது வருடத்துக்கு முந்தியவை. குண்டு மெதுவாகப் போனதற்கு மருந்து பழசானதுதான் காரணம் என்று ஊர் நினைத்தது. அதற்குமேல் யாரும் ஆராயவில்லை.

ராயப்பராஜ் ஆராய்ந்தார். அவர் கரட்டுப்பட்டி ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வாத்தியார். எதையும் நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதுகிறவர். ஒரு மாதத்தில் மூன்று விஷயம் தெளிவாயிற்று. குண்டின் மூக்கு எப்போதும் அவர் இருக்கும் திசையையே பார்க்கிறது. அவர் விழித்திருக்கும்போது அது நகர்வதில்லை. அவர் தூங்கும்போது நகர்கிறது, ஓர் இரவுக்கு ஒரு முழம். மத்தியானம் செத்த நேரம் கண்ணயர்ந்தால் நாலு விரற்கடை கூடுதல். அதைத் தடுக்க எதனாலும் முடியவில்லை. சனாவுல்லா எருமைத் தோலை ஏழு மடிப்பாகத் தைத்து முன்னால் தொங்கவிட்டார். காலையில் ஏழு மடிப்பிலும் ஓட்டை. பேகம்பூர் பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவர் இரும்படிக்கும் தன் பட்டறைக் கல்லை வண்டியில் ஏற்றி வந்து வழியில் நிறுத்தினார். குண்டு அதையும் ஒரே இரவில் துளைத்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. பட்டறைக்காரர் அந்தத் துளையில் கயிறு கோத்து, தூக்க வசதியாயிற்று என்று சொல்லிவிட்டுக் கல்லைத் திருப்பி எடுத்துப்போனார்.

கடலைக் காட்டிலிருந்து ராயப்பராஜின் வீட்டுப் பின்சுவருக்கு நானூறு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம். 1955 டிசம்பரில் குண்டு சுவரைத் துளைத்துக்கொண்டு அடுப்படிக்குள் வந்தது. இஞ்ஞாசியம்மாள் முதல் நாள் அதைத் திட்டினாள். இரண்டாம் நாள் அதில் அகப்பையை மாட்டினாள். அடுப்புக்கும் அரிசிப்பானைக்கும் நடுவே அது போன அந்த எட்டு நாளும் வெஞ்சனம் கிண்டுகிற கரண்டி கைக்கெட்டுகிற இடத்திலேயே இருந்ததாகப் பிற்பாடு பலரிடம் சொன்னாள். ஒன்பதாம் நாள் குண்டு நடைவாசலைத் தாண்டி, ராயப்பராஜ் படுத்திருந்த கட்டிலுக்கு ஆறு முழம் தள்ளி நின்றது. அன்று ராயப்பராஜ் தூங்கவில்லை. மறுநாளும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது நின்றபடி கண்ணயர்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் சனாவுல்லா பேகம்பூரிலிருந்து இரட்டை மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். திட்டம் நஜ்முன்னிசாவுடையது. சனாவுல்லாவின் மனைவியான அவள், தன் புருஷன் சுட்ட குண்டுக்குத் தன் வீடுதான் பொறுப்பு என்று முடிவுகட்டி, முன்கட்டில் இரண்டு அறையை ஒழித்து வெள்ளையடித்து வைத்திருந்தாள். கரட்டுப்பட்டிக்கும் பேகம்பூருக்கும் நடுவே இரண்டரை மைல். அங்கே போய்ப் படுத்தால் குண்டு கிழக்கே திரும்பிவிடும்.

"அப்படியே அங்கயே இருந்துக்கிறலாமே வாத்தியாரே," என்றார் சனாவுல்லா. "அது வந்து சேர இருவத்தஞ்சு வருசம் ஆகும்."

"இருவத்தஞ்சு வருசத்தில நடுவுல எத்தனை பேர் வீட்டுச் சுவர் இருக்கு, எத்தனை தொட்டில் இருக்கு? ரெயில் ரோடு வேற குறுக்க ஓடுது. என்னைத் தேடி வாரது என் காட்டுக்குள்ளயே கெடக்கட்டும் பாய்."

அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதல் ஒரு வருடம் பேகம்பூரில் இருந்து குண்டைக் கடலைக் காட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். அதன்பிறகு, டிசம்பர் முதல் மே வரை கரட்டுப்பட்டி, ஜூன் முதல் நவம்பர் வரை பேகம்பூர். குண்டு ஆறு மாதம் மேற்கே நூற்றெண்பது முழம் போகும். ஆறு மாதம் கிழக்கே அதே நூற்றெண்பது முழம் திரும்பி வரும். அது போய்வந்த தடத்தில் கண்ணுசாமி இரண்டு பக்கமும் கள்ளிக் குச்சி நட்டார். சந்தைக்குப் போகிறவர்கள் கூடையை இறக்கி வைத்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தட்டான் அதன் முதுகில் உட்காரும். காட்டுப்பன்றி மட்டும் அந்தக் காட்டுக்குள் அதன்பிறகு கால் வைக்கவில்லை.

ஆண்டுக்கு இரண்டு தடவை சட்டிபானையோடு வண்டி போய்வருவது ஊருக்குப் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை ராயப்பராஜ் வீட்டில் கறி கூடாது. சனாவுல்லா வீட்டில் வெள்ளிக்கிழமைதான் கறி. நஜ்முன்னிசா அதை யோசித்துப் பார்த்துவிட்டு, ஜூன் முதல் நவம்பர் வரை வியாழக்கிழமை கறி எடுத்தாள். கசாப்புக்கடைக்காரர், பாய் வீட்டில் நாள் தப்பிவிட்டதே என்று முதல் வாரம் ஆள் அனுப்பி விசாரித்தார். நோன்பு அந்த வருடங்களில் கரட்டுப்பட்டி மாதங்களில் வந்தது. அதனால் நோன்புக் கஞ்சி தினம் சைக்கிளில் தூக்குப் போணியில் இரண்டரை மைல் போயிற்று. பதிலுக்குத் தூக்கு காலியாகத் திரும்பவில்லை. ராயப்பராஜ் மாலையில் ஜெபமாலை சொல்லும்போது நஜ்முன்னிசா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிடுவாள், சத்தம் வரக்கூடாது என்று. வெங்காயம் உரிக்கையில் என்னடி சத்தம் என்று இஞ்ஞாசியம்மாள் கேட்டால், "கண்ணு கலங்குறதை நீ பாத்துட்டு நான் உருகுறேன்னு நெனச்சுக்குவக்கா" என்பாள்.

சனாவுல்லா அதன்பிறகு துப்பாக்கியை வெடிக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்ததும் உறையைப் பிரித்து, வெள்ளைத் துணியால் துடைத்து, தோட்டா இல்லாமல் லீவரை மூன்று தடவை தள்ளி இழுப்பார். நான்காவது தடவையை ராயப்பராஜிடம் நீட்டுவார். ராயப்பராஜ் அதை வாங்கும்போது பள்ளிக்கூட மணியைத் தொடும் முகத்தோடு வாங்குவார். தன்னைக் கொல்லப் புறப்பட்ட குண்டு இதிலிருந்துதான் வந்தது என்பது அவருக்கு மறக்கவில்லை. ஆனாலும் அவர் கை அந்த வளையத்துக்குள் போனதும் அவருக்கு வேறு எதுவும் நினைவிருக்காது. துப்பாக்கியின் சரித்திரத்தையெல்லாம் நெப்ராஸ்காவுக்குக் கடிதம் எழுதி எழுதிக் கேட்டு வாங்கியவர் அவர்தான். பாதிரியார் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், குண்டு நலமா என்று கேட்டிருப்பார்.

உரிமம் புதுப்பிக்க வருடா வருடம் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும். துப்பாக்கிப் பிரிவு குமாஸ்தா பொன்னழகு, நம்பரைச் சரிபார்க்கிறேன் என்று லீவரை மூன்று தடவை இயக்குவார். பிறகு சர்வேயர் சரிபார்ப்பார். பட்டா மாற்ற வந்த விவசாயியும் வரிசையில் நின்று சரிபார்ப்பார். தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைப்பது வழக்கம். 1957இல் ஒப்படைத்தபோது அது ஒன்றரை மாதம் கழித்து, போனதைவிடப் பளபளப்பாகத் திரும்பி வந்தது. ஏட்டையா அதைக் கொடுக்கும்போது, அடுத்த தேர்தல் எப்போது வரும் என்று சனாவுல்லாவிடம் கேட்டார்.

1958 மார்ச்சில் ராயப்பராஜுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. இரவும் பகலும் நினைவில்லாமல் தூங்கினார். குண்டும் இரவும் பகலும் நடந்தது. காய்ச்சல் ஏற ஏற நாளுக்கு எட்டு முழம், பத்து முழம் என்று அது கள்ளிக் குச்சிகளைத் தாண்டி, பின்சுவர்ப் பழைய ஓட்டைக்கு ஒரு கை தள்ளி வந்துவிட்ட அன்று, சனாவுல்லா வண்டியில் வைக்கோல் பரப்பி, தூங்குகிறவரை அப்படியே தூக்கிப் படுக்கவைத்துப் பேகம்பூர் கொண்டுவந்தார். வண்டி காட்டைக் கடக்கும்போது குண்டு வீட்டை விட்டுவிட்டு மெல்லத் திரும்பி வண்டியைப் பார்த்ததை இஞ்ஞாசியம்மாள் கண்டாள். அந்த வருடம் மட்டும் கணக்கு மாறி, அவர்கள் ஒன்பது மாதம் பேகம்பூரில் இருந்தார்கள்.

1959 ஆகஸ்டில் லீவரைப் பிடித்திருக்கும் திருகாணி ஒடிந்தது. அப்படி ஒரு திருகாணி இந்தியாவில் இல்லாததால், பட்டறைக் கல்லைக் கொண்டுவந்த அதே பூட்டுக்காரர் துப்பாக்கியை அக்கக்காகக் கழற்றி ஒரு தாம்பாளத்தில் பரப்பி, புதிதாக ஒன்று கடைய ஆரம்பித்தார். அவர் கடைசித் துண்டைக் கழற்றிய நேரத்தில், கடலைக் காட்டில் குண்டு சாதாரண ஈயம்போலத் தரையில் விழுந்தது. கண்ணுசாமி அதைத் துண்டின் ஓரத்தில் முடிந்து, பள்ளிக்கூடத்துக்கு வந்து ராயப்பராஜிடம் கொடுத்தார். ராயப்பராஜ் அதை உள்ளங்கையில் வைத்து வெகு நேரம் பார்த்தார். புளியங்கொட்டை அளவுதான் இருந்தது.

"தொலஞ்சது சனியன்," என்றார் கண்ணுசாமி.

"யாருகிட்டயும் சொல்லாத கண்ணுசாமி. பாய்கிட்ட வாயே தெறக்காத."

ஒன்பது நாள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார், வந்தார். எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தாலும் ஒன்றுதான் என்று ஆனபிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை. நவம்பருக்குப் பிறகு பேகம்பூருக்கு வர ஒரு காரணம் இல்லை என்று நினைத்துப் பார்த்தார். முன்கட்டு அறைகளை நஜ்முன்னிசா தோல் அடுக்க விட்டுவிடுவாள். பத்தாம் நாள் காலை, திருகாணி தயார் என்று தெரிந்ததும், சைக்கிளில் காட்டுக்குப் போய்க் குண்டைக் கள்ளிக் குச்சிகளுக்கு நடுவே பழைய இடத்தில், ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு விலகி நின்றார். பதினொரு மணி சுமாருக்குப் பேகம்பூரில் பூட்டுக்காரர் கடைசி முறுக்கை முறுக்கினார். குண்டு கல்லிலிருந்து எழுந்து நெஞ்சு உயரத்துக்கு வந்து, ஒரு தடவை தயங்கி, அவரைப் பார்த்து மூக்கைத் திருப்பிக்கொண்டது. ராயப்பராஜ் வகுப்புக்குத் தாமதமாகிவிட்டது என்று சைக்கிளை மிதித்தார்.

1962 அக்டோபரில் புதிய ஆயுதச் சட்டம் அமலுக்கு வந்தது. மறு வருடம் மே மாதம் பொன்னழகு ஒரு நோட்டீசை, தபாலில் அனுப்ப மனம் வராமல், தானே பேகம்பூருக்கு எடுத்துவந்தார். துப்பாக்கி வைத்திருக்க என்ன காரணம் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; காரணம் போதாது என்றால் ஒப்படைத்துவிட வேண்டும்.

"தோல் மண்டிக்கு ரைபிள் எதுக்குன்னு மேல கேப்பாக பாய். பயிர்ப் பாதுகாப்புன்னு எழுத உங்களுக்கு ஒரு செண்டு நெலம் இல்லை."

"ஒப்படைச்சா என்ன செய்வாக?"

பொன்னழகு துப்பாக்கியைப் பார்க்காமல் சொன்னார். "மதுரைக்குக் கொண்டுபோய் ரம்பம் போட்டு அறுத்துருவாக."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சனாவுல்லா துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கரட்டுப்பட்டிக்கு வந்தார். கடைசியாக ஒரு தடவை வாத்தியார் கையால் இயக்கட்டும் என்று எண்ணினார். பூசை முடிந்து ராயப்பராஜும் இஞ்ஞாசியம்மாளும் அப்போதுதான் வீடு வந்திருந்தார்கள். கண்ணுசாமி வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சனாவுல்லா நோட்டீஸ் விஷயத்தைச் சொல்லிவிட்டு உறையின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கியதும், அந்த மனுஷனைத் தேற்றுவதாக நினைத்துக் கண்ணுசாமி சொல்லிவிட்டார்.

"வெசனப்படாதீக பாய். இதை அறுத்தா வாத்தியாருக்கு நல்லதுதானே. அன்னைக்குத் திருகாணி ஒடிஞ்சு கெடந்தப்பக்கூடக் குண்டு தொப்புனு விழுந்துச்சுல்ல."

சனாவுல்லா மூன்றாவது பொத்தானில் நின்றார். "எது விழுந்துச்சு?"

கண்ணுசாமி வெற்றிலையைத் துப்ப எழுந்துபோனவர் திரும்பி வரவில்லை. ராயப்பராஜ் நடந்ததை, தேதி உட்பட, மறைக்காமல் சொன்னார். சனாவுல்லாவின் முகம் கறுத்துப்போனது.

"நாலு வருசமா என் வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டே இதை மறைச்சீகளா வாத்தியாரே?"

"உங்க வீட்டுச் சோத்தைத் திங்கணும்னுதான் பாய் மறைச்சேன்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே உடைச்சிருப்பேனேய்யா! ஒம்பது வருசமா நான் ராத்திரி படுக்கைல விழும்போதெல்லாம், அங்க அது ஒரு முழம் போகுதேன்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கேன். எனக்கு இதைவிட நீங்க பெருசில்லையா?"

அப்படியே எழுந்து, அடுப்படிக்குப் போய், விறகு பிளக்கும் கோடாலியை எடுத்துக்கொண்டு வந்தார். துப்பாக்கியைத் தரையில் கிடத்தி, கோடாலியைத் திருப்பிப் பின்மண்டையால் அடிக்க ஓங்கினார். இஞ்ஞாசியம்மாள் குனிந்து துப்பாக்கியின் மேல் தன் முந்தானையை விரித்துப்போட்டாள்.

"அண்ணே, ஓங்குன கையை எறக்குங்க. ஒண்ணாந்தேதி நான் வருவேன்னு நஜ்மு எனக்குத் தண்ணி காய வச்சிருப்பா. இனி இவுக வர வேலையில்லைன்னு அவகிட்ட நீங்க சொல்லுறீகளா? தைரியம் இருந்தா இப்பவே போய்ச் சொல்லிட்டு வந்து அடிங்க."

சனாவுல்லா கோடாலியோடு நின்றார். நஜ்முன்னிசாவிடம் சொல்கிற தைரியம் அவருக்கு இல்லை என்பது அங்கிருந்த மூவருக்கும் தெரியும். ஓங்கிய கையை இறக்கி, தணிந்த குரலில் கேட்டார்.

"வயசாகிப் படுத்துட்டா? இங்கயும் அங்கயும் போக முடியாத நாள் ஒண்ணு வருமில்ல?"

"வரும்," என்றார் ராயப்பராஜ். "அன்னைக்கு அது வரட்டும். ஊர்ல யாரு பாய் தெனம் தவறாம நம்மளை நெனச்சு ஒரு முழம் நடக்குறா? அதுவும் நடக்குது, நீங்களும் நடக்குறீக. அது வாரதுக்குள்ள நீங்க வண்டியக் கட்டிக்கிட்டு வந்துருவீக. எனக்கு அந்தக் கணக்குல சந்தேகம் இல்லை."

சனாவுல்லா கோடாலியைச் சுவரில் சாய்த்தார். இஞ்ஞாசியம்மாள் முந்தானையை எடுத்துக்கொண்டு, கடுங்காப்பி போடப் போனாள்.

அன்று மத்தியானம் ராயப்பராஜ் தூங்கவில்லை. மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, பள்ளிக்கூட மையைத் தொட்டு, மதுரை மாவட்ட ஆட்சியர் சமூகத்துக்கு எழுதினார். உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றித்தரக் கேட்டார். பாதுகாப்பில் வைத்திருப்பவர் என்ற இடத்தில் பேகம்பூர் சனாவுல்லா என்று எழுதினார். நிலம்: கரட்டுப்பட்டி, இரண்டு ஏக்கர் பதினேழு செண்டு, மானாவாரிக் கடலை. இருப்பிடம் என்ற கட்டத்தில் இரண்டு விலாசத்தையும் மாதக் கணக்கோடு எழுதினார். காரணம் என்ற கட்டத்தில், மேற்படி துப்பாக்கி 1954இல் ஒரே ஒரு முறை வெடிக்கப்பட்டதென்றும், அந்த ஒரு வெடி இன்று வரை பயிரைக் காத்து வருகிறதென்றும், இன்னும் வேலையில் இருக்கும் குண்டை அநாதையாக்குவது முறையல்ல என்றும் எழுதினார். கைவசம் உள்ள தோட்டாக்கள் என்ற இடத்தில் சனாவுல்லாவைக் கேட்டு, டப்பாவில் பத்தொன்பது, வழியில் ஒன்று என்று குறித்தார்.

சனாவுல்லா தோளுக்கு மேலால் எட்டிப் படித்தார். "வழியில்னு எழுதுனா கலெக்டர் கேக்க மாட்டாரா?"

"கேட்டா வந்து பாக்கட்டும். நான் முழிச்சிருக்கப்ப வரச் சொல்லணும். ஒழுங்கா அளந்து காட்டலாம்."

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் திங்கட்கிழமை, திண்டுக்கல் பெரிய தபாலாபீசில் ராயப்பராஜ் கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் இட்டு, வாயில் கோந்து தடவி, நகத்தால் ஓரம் முழுக்க அழுத்தினார். ரிஜிஸ்டர் கவுண்டரில் இருந்தவர் அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரையை அது ஆறும்வரை பிடித்திருந்து, ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கடிதத்தை மதுரைப் பைக்குள் போட்டார்.